இன்னொரு டேக்

உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். இன்று ராத்திரி வீடு அடங்கியபின், உங்களுக்குப் பிடித்த பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். பாடுகிறவரைக் கேட்காதீர்கள். வரிகளையும் விட்டுவிடுங்கள். பின்னால் ஒரு கிடார் ஓடிக்கொண்டிருக்கும். அதை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பாருங்கள். முதல் தடவை நழுவிவிடும். இரண்டாம் தடவை மாட்டிவிடும். மாட்டியபின் ஒரே ஒரு கேள்வி. அதை வாசித்தது யார்?

தெரியாது, இல்லையா? ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடியது எஸ்.பி.பி. என்று குழந்தைகூடச் சொல்லும். எழுதியவர் வைரமுத்து, இசை இளையராஜா. ஆனால் அந்தப் பாட்டை நினைத்த மாத்திரத்தில் காதுக்குள் முதலில் வந்து நிற்பது கிடார்தான். வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். க்விஸ் போட்டியில் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முழிப்பார்கள். இத்தனைக்கும் ‘அன்னக்கிளி’க்கு (1976) முன்னால் இளையராஜாவே அப்படி மற்றவர்களின் ரெக்கார்டிங்குகளுக்குப் போய் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர்தான். பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான் தன் கேசட், சி.டி. உறைகளில் வாசித்தவர்களின் பெயரையும் அச்சிட்டபோதுதான், ‘அட, இவ்வளவு பேர் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்களா!’ என்று நம்மில் பலருக்கு உறைத்தது.

என் நண்பன் இந்தப் பெயர் தெரியாத கூட்டத்துக்கும் ஒரு படி கீழே. அவன் வாசித்தது எதிலுமே பதிவாகவில்லை.

திருச்சியில் ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல் ரூம். பிறகு அவன் மின்வாரியத்தில் சேர்ந்தான். பகலில் வாரியம், சனி ஞாயிறு இரவுகளில் மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிடார். ‘இருபத்துநாலு மணி நேரமும் கரன்ட்டோடதான் குடித்தனம்’ என்பாள் அவன் மனைவி. கல்யாண ரிசப்ஷன், மாரியம்மன் திருவிழா, காதுகுத்து என்று முப்பது வருடம். கேசட்டில் இருக்கிற மாதிரி அச்சு அசலாக வாசிக்க வேண்டும், அதுதான் வேலை. ஆசைப்பட்டு இரண்டு ஸ்வரம் சொந்தமாகச் சேர்த்தால், ‘பாட்டைக் கெடுக்கறான்யா’ என்று முன்வரிசையிலிருந்து குரல் வரும். ஆக முப்பது வருடமும் அடுத்தவர் கையெழுத்தைத் தன் கையால் எழுதிக்கொண்டிருந்தான். கச்சேரி முடிந்து பந்தல் பிரித்தால், அன்றைக்கு வாசித்ததும் போயிற்று.

ரிட்டையர் ஆனபின் ஒருநாள் போன் செய்தான். ‘சாலிகிராமத்துல ரெண்டு நாள் ஸ்டூடியோ எடுத்திருக்கேன்டா. சொந்தமா நாலு ட்யூன். நீ கூட வரணும்.’

‘நான் வந்து என்னடா பண்றது? எனக்கு ஸ்வரம் ஏழா எட்டாங்கறதுலயே சந்தேகம்.’

‘அதுக்குத்தான் கூப்பிடறேன். வாசிக்கத் தெரிஞ்சவன் வந்தா என் விரலைப் பார்ப்பான். நீ பாட்டைக் கேட்பே.’

விரல் என்றதும் விஷயம் புரிந்தது. அவனுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடமாக இடது கை மோதிர விரல் மக்கர் செய்கிறது. மடக்கினால் மடங்கும். நிமிர்த்தும்போது பாதியில் சிக்கி நின்று, துப்பாக்கி விசை மாதிரி ‘டக்’கென்று நிமிரும். டாக்டர்கள் இதற்கு ட்ரிக்கர் ஃபிங்கர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். விரலை மடக்கும் நாண் சின்னச் சின்ன வளையங்களுக்குள் நுழைந்து ஓடுகிறது. நாணும் வளையமும் தடித்துவிட்டால் ஊசிக்குள் நுழையாத நூல் மாதிரி திண்டாடும். சர்க்கரைக்காரர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும். ஊசி போட்டால் சில மாதம் தாங்கும். இல்லையென்றால் சின்னதாக ஓர் ஆபரேஷன். சரியாகிவிடும் என்றுதான் டாக்டர் சொன்னார். அவன்தான், ‘கத்தி வெச்சப்புறம் எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? முதல்ல பதிஞ்சுடறேன்’ என்று தேதியைத் தள்ளிப் போட்டிருந்தான்.

டிரம்ஸ், பேஸ், கீபோர்டு எல்லாவற்றையும் அவன் அக்கா மகன் லேப்டாப்பிலேயே செய்து கொடுத்துவிட்டான். ‘கிடாரையும் இதுலயே போட்டுடலாம் மாமா, வித்தியாசமே தெரியாது’ என்றானாம். ‘அப்ப நான் எதுக்குடா?’ என்று கேட்டுவிட்டு, ரிட்டையர்மென்ட் பணத்தில் கொஞ்சம் எடுத்து ஸ்டூடியோவுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டான். ஆடித் தள்ளுபடி மாதிரி வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்களாம்.

எலெக்ட்ரிக் கிடார் ரெக்கார்டிங்கை நீங்கள் பார்த்ததில்லை என்றால், சினிமாவில் காட்டுவதை மறந்துவிடுங்கள். கண்ணாடி அறைக்குள் தலையை ஆட்டிக்கொண்டு யாரும் வாசிப்பதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அறையில் ஆம்ப்ளிஃபயர் மட்டும் தனியாக, தண்டனை வாங்கின பையன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதன் வாய்க்கு நேராக ஒரு மைக். வாசிக்கிறவர் இந்தப் பக்கம், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நடுவே ஒரு நீள வயர்.

எலெக்ட்ரிக் கிடாரின் பூர்வீகம் தெரிந்தால் இந்த ஏற்பாடு புரியும். சாதாரணக் கிடாருக்கு வயிறு உண்டு, ஓட்டை உண்டு. எலெக்ட்ரிக் கிடார் பெரும்பாலும் வெறும் கட்டை. கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. காந்தம், அதைச் சுற்றி முடி மாதிரி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப் புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே சங்கதி. ‘மேட்டூர் ஜெனரேட்டரும் என் கிடாரும் ஒரே குடும்பம்டா. அது பெரியப்பா’ என்பான் நண்பன்.

குடும்பம் என்றால் தொல்லையும் உண்டு. பிக்கப்புக்கு நல்லது கெட்டது தெரியாது. கம்பியின் அதிர்வையும் பிடிக்கும், சுவருக்குள் ஓடும் கரன்ட்டையும் பிடிக்கும். நம் ஊர் கரன்ட் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அது ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று தேனீக் கூடு மாதிரி கேட்கும். இரண்டு சுருளை எதிரும் புதிருமாக வைத்து இந்த இரைச்சலை ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ள வைக்கும் பிக்கப்பை 1955-ல் கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் வடிவமைத்தார். நண்பனிடம் இருப்பது ஒற்றைச் சுருள் ஜாதி, எப்போதோ சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆகவே முதல் அரை மணி நேரம் தேனீ வேட்டை. டியூப்லைட்டை அணைத்தார்கள். ஏ.சி.யை அணைத்தார்கள். நண்பன் மின்வாரிய மூளையோடு பிளக் பாயின்ட்டில் குனிந்து, ‘எர்த்தை ஒரு தடவை பாருங்க தம்பி’ என்றான்.

சவுண்ட் இன்ஜினீயர் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ‘சார், நாற்காலியோட மெதுவா சுத்துங்க... இன்னும் கொஞ்சம்... ஸ்டாப்!’ என்றார். இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. கிடார் எந்தத் திசை பார்க்கிறது என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். நண்பன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்னி மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். வாஸ்துவுக்கு முழு பலன் கிடைத்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்து மைக். ஷ்யூர் கம்பெனியின் எஸ்.எம்.57, 1965-ல் வந்த மாடல், பார்த்தால் மளிகைக் கடை டார்ச் மாதிரி இருக்கும். உலகத்து கிடார் ஆம்ப்புகளில் பாதிக்கு முன்னால் இதுதான் நிற்கிறதோ என்று தோன்றும். தம்பி அதை ஸ்பீக்கரின் நடுமையத்துக்கு நேராக வைத்தார். ஒலி கத்தி மாதிரி கீறியது. ஒரு அங்குலம் ஓரமாக நகர்த்தினார். கத்தி, கரண்டி ஆனது. இன்னொரு அங்குலம். போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. திரும்பவும் அரை அங்குலம் உள்ளே. மூன்று பேரும் ஒரே சமயத்தில் ‘ஆங்’ என்றோம். ஒரு மணி நேரத்தில் நான் சொன்ன முதல் தொழில்நுட்ப வார்த்தை அதுதான்.

முதல் நாள் முழுக்க ரிதம் பகுதிகள். இங்கே ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். பாட்டில் கிடார் அகலமாக, உங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி கேட்கிறது அல்லவா? அது ஒரே பகுதியை இரண்டு தடவை வாசித்து, ஒன்றை இடது காதிலும் மற்றதை வலது காதிலும் வைப்பது. ‘எதுக்கு ரெண்டு தடவை கஷ்டப்படணும்? கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து அந்தப் பக்கம் ஒட்டிடலாமே?’ என்றேன். தம்பி பதில் சொல்லாமல் ஒட்டிக் காட்டினார். அகலம் மாயமாகிவிட்டது. இரண்டும் சேர்ந்து நடுவில் ஒரே ஆளாக நின்றுகொண்டன. இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போனால் மூளை அதை நடுவில் வைத்துவிடுகிறது. திரும்ப வாசித்தால் ஒரு ஸ்வரம் இம்மி முன்னால் விழும், இன்னொன்று இம்மி பின்னால் விழும். அந்த இம்மிதான் அகலம். மனிதன் ஒரே மாதிரி இரண்டு தடவை வாசிக்க மாட்டான் என்பதால் கிடைக்கிற லாபம்.

மாலைக்குள் நாலு பாட்டுக்கும் ரிதம் முடிந்தது. ரிதமுக்கு மோதிர விரல் அவ்வளவாக வேண்டியதில்லை. மற்ற விரல்கள் சமாளித்துவிட்டன. மறுநாள் லீட் பகுதிகள். அன்று இரவு அவன் என் வீட்டில் தங்கினான். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

அந்த மௌனத்தில் எனக்கு ஞாபகம் வந்தது ஜார்ஜ் ஹாரிசன். பீட்டில்ஸ் நால்வரில் லீட் கிடார் அவர்தான். 1968-ல் ‘வைல் மை கிடார் ஜென்ட்லி வீப்ஸ்’ என்று ஒரு பாட்டு எழுதினார். மற்றவர்கள் அதை அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. பதிவு செய்து பார்த்தும் திருப்தியில்லை. செப்டம்பர் 6-ம் தேதி, காரில் லண்டனுக்குப் போகும்போது உடன் இருந்த நண்பர் எரிக் கிளாப்டனிடம், ‘இன்றைக்கு வந்து என் பாட்டில் வாசி’ என்று கூப்பிட்டார். கிளாப்டன் அப்போதே கிடாரில் பெரிய ஆள். இருந்தும் தயங்கினார். பீட்டில்ஸ் ரெக்கார்டில் வெளியாள் யாரும் வந்து வாசிப்பதில்லையே என்றார். ‘இது என் பாட்டு, வா’ என்கிற பாணியில் ஹாரிசன் அழைத்துப் போய்விட்டார். அபே ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் அன்று மாலை கிளாப்டன் வாசித்ததுதான் இன்றைக்கும் நாம் கேட்பது.

ஹாரிசன் பின்னால் சொன்ன விஷயம் இன்னும் சுவாரஸ்யம். கிளாப்டன் உள்ளே வந்ததும் மற்ற மூன்று பேரும் ஒழுங்காக நடந்துகொண்டார்களாம். நம் வீட்டிலும் அப்படித்தானே? விருந்தாளி வந்தால் சண்டை அடுத்த அறைக்குப் போய்விடும். நவம்பரில் வந்த அந்த ஆல்பத்தின் உறையில் கிளாப்டனின் பெயர் கிடையாது. பதிலுக்கு கிளாப்டனின் க்ரீம் குழுவின் ‘பேட்ஜ்’ பாட்டில் ஹாரிசன் வந்து வாசித்தார். அதில் இவருடைய சொந்தப் பெயர் கிடையாது. ‘மர்ம தேவதை’ என்று பொருள்படும் ஓர் இத்தாலியப் புனைபெயர். சிநேகிதனுக்காக வந்துபோன கணக்கு, அவ்வளவுதான்.

இதை நண்பனிடம் சொன்னேன். ‘நீ கிளாப்டன் இல்லடா’ என்றான். ‘நீயும் ஹாரிசன் இல்ல’ என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு தூங்கப் போனான்.

மறுநாள் மூன்று பாட்டுகள் ஒரு மாதிரி ஓடிவிட்டன. நாலாவதில் நின்றது. எட்டாவது பாரில் ஒரு பெண்ட். அதாவது கம்பியை அழுத்தின இடத்திலிருந்து நகராமல், மேல்நோக்கித் தள்ளி இழுத்து ஸ்ருதியை ஒரு முழு ஸ்வரம் உயர்த்துவது. நம் கமகத்துக்குத் தூரத்து உறவு. எலெக்ட்ரிக் கிடாருக்கு மெல்லிசான கம்பி என்பதாலும், ஒலி நின்று நீடிப்பதாலும் இது அழகாக வரும். மேண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மேண்டலினில் ராகம் ராகமாக இழைத்தது ஞாபகம் இருக்கும். அந்த நீடிப்புதான் அங்கேயும் வசதி. கிடாரில் இந்தத் தள்ளும் வேலையைப் பொதுவாகச் செய்வது மோதிர விரல். நடுவிரல் பின்னாலிருந்து முட்டுக் கொடுக்கும்.

முதல் டேக்கில் விரல் மேலே போய் அங்கேயே சிக்கிக்கொண்டது. அடுத்த ஸ்வரத்துக்கு வர முடியவில்லை. இரண்டாவதில் பயந்து பாதி தூரமே தள்ளினான். மூன்று, நாலு, ஐந்து. தம்பி பொறுமையாக அந்த இரண்டு பாரை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் முன்னால் நாலு ‘டிக்’, பிறகு கிடார், பிறகு நண்பனின் ‘ச்சே’. பதினொன்றாவது டேக்கில் ‘ச்சே’ வரவில்லை. மூவரும் திரும்பக் கேட்டோம். கம்பி உயர்ந்தது. ஆனால் போய்ச் சேரவில்லை. கடைசிப் படியில் கால் வைக்காமல் நின்ற மாதிரி இருந்தது.

‘சூப்பர் சார்’ என்றார் தம்பி. ‘ஸ்ருதி கொஞ்சூண்டு கம்மி. நான் மெலடைன்ல ஏத்திடறேன். ரெண்டு நிமிஷ வேலை.’

செய்யக்கூடியதுதான். இந்த ஸ்ருதித் திருத்தும் வித்தையைப் பிரபலமாக்கிய ஆட்டோ-ட்யூன் 1997-ல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டெப்ராண்ட் அதற்கு முன்னால் எண்ணெய்க் கம்பெனிக்காரர்களுக்காக, பூமிக்கடியில் ஒலி அலை அனுப்பி எண்ணெய் தேடும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். அந்தக் கணக்கு பாடகர்கள் தொண்டைக்குள் புகுந்து, இன்றைக்குக் கிடார் கம்பி வரைக்கும் வந்துவிட்டது. யாருக்கும் தெரியப்போவதில்லை. மணிக்கணக்கு வாடகை வேறு ஓடிக்கொண்டிருக்கிறது.

நண்பன் நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தான். ‘நீ சொல்றா.’

இந்த இடத்தில் உங்களை என் நாற்காலியில் உட்காரவைத்து யோசித்துப் பாருங்கள். நாற்பது வருட சிநேகிதன். வலிக்கிற விரல். பதினொரு டேக். ‘பிரமாதம்டா’ என்று சொல்ல ஒரு விநாடி போதும். எல்லோரும் காபி சாப்பிடப் போகலாம். தம்பி சொன்ன ‘சூப்பர் சார்’ மரியாதைக்கு. அவர் எல்லோருக்கும் சொல்வார். நண்பனுக்கோ திரும்பத் திரும்பக் கேட்டுக் காது மரத்துவிட்டது. அந்த அறையில் மிச்சம் இருந்த ஒரே காது என்னுடையது. அதற்காகத்தானே கூப்பிட்டிருந்தான்?

‘போய்ச் சேரலடா’ என்றேன்.

அறையில் தேனீ இரைச்சல் மட்டும் கேட்டது. அவன் முகம் சுண்டிப்போனது. கிடாரைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனான். தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தெருமுனை டீக்கடையில் அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவனுக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று, எனக்கு ஒன்று. தம்பியும் பின்னாலேயே வந்துவிட்டார். பேச்சை மாற்ற வேண்டுமே என்று, ‘உங்களுக்கு லெஸ் பால் தெரியுமா தம்பி?’ என்றேன். ‘தெரியுமே சார், கிப்ஸன் கிடார் மாடல், செம வெயிட்’ என்றார். 1952-லிருந்து அந்தப் பெயரில் கிடார் வருவது நிஜம்தான். ஆனால் அது ஓர் ஆளின் பெயர். தம்பி அன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாரே, அந்த வேலைக்கு முன்னோடி. 1951-ல் அவரும் மனைவி மேரி ஃபோர்டும் செய்த ‘ஹவ் ஹை த மூன்’ பாட்டில் கேட்கிற அத்தனை கிடாரும் அவர் ஒருவரே, அத்தனை குரலும் அந்த அம்மாள் ஒருவரே.

அதற்கு மூன்று வருடம் முன்னால், 1948 ஜனவரியில், கார் விபத்தில் அவருடைய வலது முழங்கை நொறுங்கிப்போயிற்று. இனி மூட்டு மடங்காது, ஏதாவது ஒரு நிலையில் நிரந்தரமாகத்தான் பொருத்த முடியும் என்றார்கள் டாக்டர்கள். கிடார் பிடிக்கிற கோணத்தில் மடக்கிப் பொருத்திவிடச் சொன்னார் லெஸ் பால். அப்படியே பொருத்தினார்கள். வாழ்நாள் முழுக்க அந்த மடங்கின கையோடு வாசித்தார். வயதான காலத்தில் மூட்டுவாதம் வந்து விரல்கள் ஒவ்வொன்றாக ஒத்துழைக்க மறுத்தன. மிச்சம் இருந்த விரல்களுக்குத் தகுந்தபடி வாசிப்பை மாற்றிக்கொண்டு, நியூயார்க்கில் வாரம் ஒரு நாள் மேடை ஏறிக்கொண்டிருந்தார். 2009-ல் இறந்தபோது அவருக்கு வயது 94.

நண்பன் டீயை முடித்தான். கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு, காற்றில் இடது கையால் எதையோ தடவிப் பார்த்தான். ‘தள்ளலேன்னா என்ன, சறுக்கிட்டுப் போலாம்ல?’ என்றான். என்னிடம் கேட்கவில்லை, விரலிடம் கேட்டான்.

கம்பியை மேலே தள்ளுவதற்குப் பதில், ஆள்காட்டி விரலை இரண்டு கட்டம் சறுக்கிக்கொண்டு போய் அதே ஸ்வரத்தில் நிறுத்துவது. வீணைக்காரர்கள் ஜாரு என்பார்களே, அந்த வகை. மோதிர விரலுக்கு வேலையே இல்லை. ஆனால் குணம் வேறு. பெண்ட் என்பது கெஞ்சுவது மாதிரி. சறுக்கல், நடந்து வந்து பக்கத்தில் உட்காருவது மாதிரி. மூன்று டேக் எடுத்தான். மூன்றாவதில் சறுக்கும்போது கம்பியில் விரல் உரசி ‘க்ரீச்’ என்று ஒரு சின்னச் சத்தம். தம்பி அதைத் துடைக்க மவுஸை எடுத்தார்.

‘அது இருக்கட்டும் தம்பி’ என்றான் நண்பன். பிறகு என்னைப் பார்த்தான்.

‘போய்ச் சேர்ந்தாச்சு’ என்றேன்.

‘நான் மனசுல நினைச்சது வேற’ என்றான். ‘இருக்கட்டும்.’

அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். சந்தோஷம் பாதி, வருத்தம் பாதி. முப்பது வருடம் மற்றவர்களுடைய பெண்டை அட்சரம் பிசகாமல் வாசித்தவன், தன் பாட்டில் தான் நினைத்த ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அது சின்ன விஷயம் இல்லை.

கிளம்பும்போது தம்பி ஃபைலுக்குப் பெயர் போட வேண்டும் என்று கேட்டார். பாட்டுக்குப் பெயர்கள் சொன்னான். ‘கிடார் யாருன்னு போடட்டும் சார்?’ என்றார். இவன் பெயரைச் சொன்னான். அவர் தட்டி முடிப்பதற்குள், ‘இனிஷியலோட போடுங்க தம்பி. அப்பா பேர் விட்டுப்போகக் கூடாது’ என்றான். திரையில் எழுத்து எழுத்தாக வருவதைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்களுக்கும் இப்படி ஒரு நண்பர் இருக்கக்கூடும். கிடாராக இருக்க வேண்டியதில்லை. கவிதையோ, கோலமோ, பிள்ளைக்கு எழுதின ஒரு கடிதமோ எதையாவது நீட்டி, ‘எப்படி இருக்கு?’ என்பார். ‘சூப்பர்’ சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. லைக் போடக் கட்டை விரல் போதும். ‘இன்னும் போய்ச் சேரவில்லை’ என்று சொல்லவும், சொன்னபின் டீக்கடை வரைக்கும் கூடவே போகவும், சேர்ந்தவுடன் ‘போதும்’ என்று நிறுத்தவும் ஒரு ஆள் தேவைப்படுகிறது. கூப்பிட்டால் போய்விட்டு வாருங்கள். சங்கீத ஞானம் அவசியமில்லை. ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்டிங் அறையில் ஏ.சி.யைத் திரும்பப் போட்டால் நடுக்கிவிடும்.

ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, விரல் இப்போது சிக்காமல் மடங்கி நிமிர்கிறது. போன மாதம் நண்பன் போன் செய்தான். போனிலேயே வாசித்துக் காட்டினான். அந்த எட்டாவது பார், தள்ளி உயர்த்தும் பெண்ட், முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

‘கேட்டியா? இப்ப வருதுடா. ஸ்டூடியோல ஒரு மணி நேரம் எடுத்து, அந்த ரெண்டு பாரை மட்டும் மாத்திடலாமா? இன்னொரு டேக்?’

‘வேணாம்’ என்றேன்.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவனே கூப்பிட்டான். ‘சரி விடு. அஞ்சாவது ட்யூன் ஒண்ணு இருக்கு. எப்ப வர்றே?’